"லேக் அடிக்குது அண்ணே!": கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 கோளாறுகளும் கன்சோல் கட்டளைகளும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் 10 கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். முன்பு சைபர் கஃபே. இப்போது வெள்ளிக்கிழமை இரவானால் தோட்டத்துப் பையன்களும் தாமான் (வீடமைப்புப் பகுதி) பையன்களும் கூடும் இடம், அவ்வளவுதான். தீபாவளி வாரத்தில் சிங்கப்பூரிலும் கிள்ளானிலும் வேலை பார்க்கும் பழைய ஆட்கள் வந்து உட்கார்ந்தால் நாற்காலி கிடைக்காது. ஆடுவது 2003-இல் வந்த சுடும் ஆட்டமான கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 2023 செப்டம்பரிலேயே வந்துவிட்டது, தெரியும். எங்கள் மெஷின்கள் அதை இழுக்காது. கீழே இருக்கும் கட்டளைகளில் பலவும் அதில் வேலை செய்யாது.

எது கெட்டாலும் பையன்கள் சொல்வது ஒரே வார்த்தை: லேக், அதாவது ஆட்டம் திக்கித் தாமதமாகிறது. வயர் அறுந்தாலும் லேக், மெஷின் சூடேறினாலும் லேக், எதிரி நன்றாகச் சுட்டாலும் லேக். அதனால் அறிகுறியை வைத்துப் பிரித்து எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாததை முதலில் பாருங்கள்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. கீழ்க்கோடு இருக்கும் இடத்தில் கீழ்க்கோடு, எண்ணுக்கு முன் ஒரு இடைவெளி. சிஎல், எஸ்வி என்று தொடங்குபவை இரண்டிரண்டு எழுத்துகள்.

கன்சோல் திறக்கவே இல்லை

எஸ்கேப் விசைக்குக் கீழே, 1-க்கு இடப்பக்கம் இருக்கும் அலைக்குறி விசைதான் கன்சோலை, அதாவது கட்டளை தட்டும் பெட்டியைத் திறக்கும். அழுத்தியும் ஒன்றும் வரவில்லையென்றால் ஆட்டத்தின் ஆப்ஷன்ஸ், கீபோர்டு, அட்வான்ஸ்டு என்று போய் டெவலப்பர் கன்சோலுக்கு டிக் போடுங்கள்.

டிக் இருந்தும் வரவில்லையா? ஸ்டீமில் (ஆட்டத்தை இறக்கி ஓட்டும் செயலி) ஆட்டத்தின் பெயரில் வலது கிளிக் செய்து, லாஞ்ச் ஆப்ஷனில் ஒரு சிறு கோடு போட்டு, ஒட்டினாற்போல் கன்சோல் என்று தட்டுங்கள். அடுத்த முறை ஆட்டம் திறக்கும்போது கன்சோலோடுதான் திறக்கும்.

அப்போதும் விசை அசையவில்லை என்றால் யாரோ அன்பைண்ட்ஆல், அதாவது எல்லா விசைகளின் வேலையையும் அழிக்கும் கட்டளையைத் தட்டியிருக்கிறார்கள். கீபோர்டு பக்கத்தில் யூஸ் டிஃபால்ட்ஸ் அழுத்தினால் திரும்பிவிடும். அதுவும் இல்லையென்றால் விசையைப் பிடுங்கிப் பாருங்கள். எங்கள் 3-ஆம் மெஷினில் அடியில் மைலோ உறைந்து கிடந்தது.

லேக் அடிக்கிறது

எதையும் தொடுவதற்கு முன் கன்சோலில் நெட்_கிராஃப் 3 தட்டுங்கள். திரையின் கீழே சில எண்கள் வரும். உங்களுக்கு வேண்டியவை நான்கு: எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்), பிங் (ஆட்டத்தை நடத்தும் மெஷினான சர்வர் வரை போய்வர ஆகும் மில்லிநொடி), லாஸ் (வழியில் தொலைந்த தரவு), சோக் (அனுப்ப முடியாமல் தேங்கிய தரவு). ஒரு ரவுண்டு முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டே ஆடுங்கள். ஆட்டம் திக்கும் அந்த நொடியில் எந்த எண் அசைகிறது? அதுதான் நோய். மற்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். பார்த்து முடித்ததும் நெட்_கிராஃப் 0.

*எஃப்பிஎஸ் விழுகிறது*

இது உங்கள் மெஷினுக்குள் இருக்கும் சிக்கல். இன்டர்நெட்காரரைத் திட்டிப் பயனில்லை.

எஃப்பிஎஸ் 60-இல் ஆணி அடித்தாற்போல் நின்றால் வி-சிங்க் (படத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் அமைப்பு) போட்டிருக்கிறது. ஜிஎல்_விசிங்க் 0, அப்புறம் எஃப்பிஎஸ்_மேக்ஸ் 100. கிராஃபிக்ஸ் டிரைவரின் சொந்த அமைப்பிலும் அது இருக்கும், அங்கேயும் அணையுங்கள்.

15, 20 என்று தவழ்கிறதா? விண்டோஸை அண்மையில் புதிதாகப் போட்டீர்களா என்று கேட்பேன். கிராஃபிக்ஸ் டிரைவர் போட மறந்திருப்பார்கள். ஆட்டம் ஓப்பன்ஜிஎல் இல்லாமல் சாஃப்ட்வேர் முறையில் ஓடிக்கொண்டிருக்கும். வீடியோ பக்கத்தில் ரெண்டரர் (படம் வரையும் முறை) எது என்று பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் 100, அப்புறம் மெல்ல 40 என்றால் சூடு. கேசிங்கைத் திறங்கள். இந்த ஊரில் செம்பனைக் குலை லாரி ஓடும் ரோட்டுப் பக்கம் ஜன்னல் இருந்தால், சிபியு விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படலம் படிந்திருக்கும். விசிறி அதன் மேலே சுற்றும், காற்று ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது. மெஷினை அணைத்து, பிளக்கைக் கழற்றி, விசிறியை ஒரு விரலால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷால் தள்ளி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். சுத்தம் செய்தும் சூடு இறங்கவில்லை என்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். கை பழகாதவர்கள் அதை மட்டும் கடையில் கொடுத்துவிடலாம்.

*பிங் ஏறி ஏறி இறங்குகிறது*

ஒரே அறையில் மெஷின்களை ஒன்றோடொன்று இணைத்து ஆடும் லேன் ஆட்டம் என்றால் பிங் ஒற்றை இலக்கத்தில், மிஞ்சினால் பதினைந்துக்குள் இருக்க வேண்டும். 80, 150 என்று துள்ளினால் முதலில் கேட்க வேண்டியது: வைஃபையா, வயரா? வைஃபை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வயர் இழுங்கள். வேறு வைத்தியம் இல்லை.

வயர்தான் என்றால் எழுந்து ஒரு சுற்று சுற்றி வாருங்கள். யாராவது படம் இறக்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது ஏதாவது ஒரு மெஷின் சத்தமில்லாமல் விண்டோஸ் அப்டேட்டை இழுத்துக்கொண்டிருக்கும். லேன் ஆட்டத்துக்கு இன்டர்நெட்டே தேவையில்லை. ஸ்டீமை ஆஃப்லைனில் வைத்துவிட்டு மோடத்திலிருந்து ஸ்விட்சுக்கு (எல்லா மெஷினின் லேன் வயரும் கூடும் பெட்டி) வரும் ஒற்றை வயரைக் கழற்றுங்கள். பிங் அடங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் கழற்றும் முன் கீழே சர்வர் பகுதியில் ஐபி (நெட்வொர்க்கில் மெஷினின் எண்) பற்றி எழுதியதைப் படித்துவிடுங்கள். ஐபி கொடுப்பது மோடம் என்றால் பாதி ஆட்டத்தில் மெஷின்கள் அனாதையாகும்.

வெளி சர்வரில் மட்டும் பிங் ஏறுகிறது என்றால் பிங்குக்கு எந்தக் கட்டளையும் கிடையாது. சிங்கப்பூர் சர்வரை எடுங்கள், ஐரோப்பாவை விடுங்கள்.

*லாஸ் எண் 0-ஐ விட்டு எழும்புகிறது*

லேன் ஆட்டத்தில் லாஸ் எப்போதும் 0 ஆக இருக்க வேண்டும். 1 வந்தாலும் தப்பு. கன்சோலை மூடிவிட்டுக் கீழே குனியுங்கள்.

7-ஆம் மெஷின் என்னை மூன்று வாரம் அலையவிட்டது. லாஸ் 4, 5 என்று வரும், நான் போய் உட்கார்ந்தால் 0. விண்டோஸை மாற்றினேன், லேன் கார்டை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், அந்த இடத்தில் எப்போதும் உட்காரும் தம்பி செத்துப்போன ஒவ்வொரு முறையும் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறான். நாற்காலிச் சக்கரம் வயர் மேல் ஏறுகிறது. நான் தள்ளுவதில்லை, அதனால் எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து நான் உட்கார்ந்து பார்ப்பதில்லை. புகார் சொன்ன ஆளையே ஆடவிட்டுப் பக்கத்தில் நிற்கிறேன்.

பார்க்க வேண்டிய வரிசை இது. இரண்டு முனையிலும் பிளக்கை எடுத்து "டிக்" சத்தம் வரும்படி மறுபடி செருகுங்கள். பூட்டும் நாக்கு உடைந்திருந்தால் அந்த வயர் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குத் தொல்லை தரும். அப்புறம் பக்கத்து மெஷினோடு வயரை இரண்டு முனையிலும் மாற்றிப் போடுங்கள். லாஸ் வயரோடு போய்விட்டதா? வயர் கெட்டது. மெஷினோடே தங்கிவிட்டதா? வயரை விட்டுவிட்டு ஸ்விட்சில் வேறு ஓட்டையில் குத்துங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால்தான் லேன் கார்டு.

வயர் என்று உறுதியானால் பிளக்கைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வெளித்தோல் பிளக்குக்கு உள்ளே வரை போயிருக்க வேண்டும். அவசரமாகக் கடித்த (இடுக்கியால் அழுத்திப் பொருத்திய) பிளக்கில் தோல் வெளியிலேயே நின்றுவிடும். வயரின் கனமெல்லாம் எட்டு மெல்லிய இழைகளில் தொங்கும். வெட்டிவிட்டு மறுபடி கடியுங்கள். நாக்கு கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு இழைகள் போதும். அதனால்தான் சில அரைகுறை வயர்கள் ஓடுவது போல் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

எல்லா மெஷினிலும் ஒரே நேரத்தில் லாஸ் வருகிறதா? ஸ்விட்ச், அல்லது ஸ்விட்சின் அடாப்டர். அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள்; கை வைக்க முடியாத சூடு என்றால் மாற்றுங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடவோ.

*சோக் எண் ஏறுகிறது*

கட்டளை உண்மையிலேயே உதவும் இடம் இதுதான். ஒவ்வொன்றாகத் தட்டி, இடையில் ஒரு ரவுண்டு ஆடிப் பாருங்கள்.

ரேட் 25000
சிஎல்_அப்டேட்ரேட் 100
சிஎல்_சிஎம்டிரேட் 100

லேனில் இதுவே போதும். சோக் அப்படியே நின்றால் அப்டேட்ரேட்டை 60-க்கும், அப்புறம் 30-க்கும் இறக்குங்கள். சர்வர் எவ்வளவு அனுப்பச் சம்மதிக்கிறதோ அதற்கு மேல் கேட்டால் கிடைக்காது. அந்த உச்சவரம்பு சர்வரில் எஸ்வி_மேக்ஸ்அப்டேட்ரேட் என்ற கட்டளையில் இருக்கிறது. சர்வர் உங்களுடையது என்றால் அங்கே போய் 100 ஆக்குங்கள்.

எல்லோருக்கும் சோக் என்றால் சர்வர் ஓடும் மெஷின் மூச்சு வாங்குகிறது. யாராவது ஆடிக்கொண்டே சர்வரையும் அதே மெஷினில் ஓட்டினால், அறையில் இருப்பதிலேயே நல்ல மெஷினில் ஓட்டுங்கள். போஸ் (முதலாளி) உட்காரும் மெஷினில் அல்ல.

சர்வருக்குள் நுழைய முடியவில்லை

*பட்டியலில் பெயரே இல்லை*

பட்டியலை நம்பாதீர்கள். சர்வர் ஓடும் மெஷினில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் தட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் கன்சோலில் கனெக்ட் என்று தட்டி அந்த எண்ணைப் போட்டு, முக்காற்புள்ளி வைத்து 27015. பாதிக்குப் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

உங்கள் மெஷினின் எண் 169.254 என்று தொடங்குகிறதா? அதற்கு ஐபி கொடுக்க யாருமில்லை என்று அர்த்தம். வயர் சரியென்றால் மோடமோ ரூட்டரோ அணைந்திருக்கிறது. ரூட்டரே இல்லாமல் ஆட வேண்டுமென்றால் ஒவ்வொரு மெஷினுக்கும் கையால் எண் போடுங்கள்: 192.168.1.11, 12, 13 என்று. நான் அந்த எண்ணை மானிட்டர் முதுகில் பிளாஸ்டர் ஒட்டி எழுதிவைத்திருக்கிறேன்.

எண் சரியாக இருந்தும் பதிலே வரவில்லை என்றால் சர்வர் மெஷினின் ஃபயர்வால். விண்டோஸ் முதல் தடவை "அனுமதிக்கவா" என்று கேட்கும்போது யாரோ கேன்சல் அழுத்தியிருப்பார்கள். அனுமதிப் பட்டியலில் ஆட்டத்தைத் தேடி, பிரைவேட், பப்ளிக் இரண்டிலும் டிக். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள்.

*"லேன் செர்வர்ஸ் ஆர் ரெஸ்ட்ரிக்டட்…" என்று வருகிறது*

சர்வரில் எஸ்வி_லேன் 1 இருக்கிறது, உங்கள் ஐபி வேறு குடும்பம். சர்வர் 192.168.1 என்றிருக்க உங்களுக்கு 192.168.0 வந்திருக்கும். ஒரு தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து வந்த அண்ணன் நல்ல மனதோடு தன் ரூட்டரையும் கொண்டுவந்து சொருகிவிட்டார். அவர் பக்கம் ஐந்து பேர், எங்கள் பக்கம் ஐந்து பேர், ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. இரண்டாவது ரூட்டரைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு ஸ்விட்சை வைத்து, எல்லோரும் மெஷினை ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது.

*"யுவர் மேப் டிஃபர்ஸ்…" என்று வருகிறது*

உங்களிடம் இருக்கும் மேப்பும் சர்வரில் இருப்பதும் ஒன்றல்ல. சிஸ்ட்ரைக் ஃபோல்டருக்குள் மேப்ஸ் ஃபோல்டரில் அந்த மேப்பின் கோப்பைப் பெயர் மாற்றிவிட்டு, சர்வர் மெஷினிலிருந்து பென்டிரைவில் எடுத்துப் போடுங்கள். "ஃபைல் கன்சிஸ்டன்சி" என்ற சொல் வந்தால் யாரோ அழகான துப்பாக்கி, அழகான ஆள் என்று எங்கிருந்தோ இறக்கிப் போட்டிருக்கிறார்கள். ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஓட்டினால் பழைய ஆள் திரும்பிவிடுவான்.

சுட்டால் படவில்லை

நெட்_கிராஃப் நான்கும் சுத்தம், ஆனாலும் படவில்லை. சிஎல்_எல்சி 1, சிஎல்_எல்டபிள்யூ 1 இரண்டும் இருக்கட்டும். எக்ஸ்_இன்டர்ப் 0.01 (இங்கே எக்ஸ் என்பது இ, எக்ஸ் என்ற இரண்டு எழுத்து), அதுவும் அப்டேட்ரேட் 100 ஆக இருக்கும்போது. அப்டேட்ரேட் குறைவாக இருந்தால் ஆட்டமே அந்த எண்ணை உயர்த்திக்கொள்ளும், கன்சோலில் ஒரு வரியும் போடும். இதற்கு மேல் எந்தக் கட்டளையும் உங்களுக்காகக் குறி பார்க்காது. ஓடிக்கொண்டே ஏகே-யால் சுட்டால் எந்த மெஷினிலும் படாது, தம்பி. நின்று, இரண்டு மூன்று குண்டாகச் சுடுங்கள்.

குறி பார்க்கும் சிலுவை விரிந்து விரிந்து எரிச்சலூட்டினால் சிஎல்_டைனமிக்கிராஸ்ஹேர் 0. துப்பாக்கி மாற்றும்போது ஒவ்வொரு முறையும் கிளிக் கேட்டால் ஹட்_ஃபாஸ்ட்ஸ்விட்ச் 1.

மவுஸ் தன் இஷ்டத்துக்குப் பாய்கிறது

மெதுவாக நகர்த்தினால் ஒரு தூரம், வேகமாக நகர்த்தினால் வேறு தூரம் என்றால் விண்டோஸ் மவுஸ் அமைப்பில் என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன் டிக்கை எடுங்கள். கன்சோலில் எம்_ராஇன்புட் 1, எம்_ஃபில்டர் 0. திடீரென்று வானத்தைப் பார்க்கிறது என்றால் மவுஸின் கண்ணில் முடியோ தூசியோ. கண்ணாடி மேசையில் வைத்து ஆடுகிறீர்களா? பழைய மவுஸ் அதில் வேலை செய்யாது. பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை அடியில் போடுங்கள்.

சத்தம், மைக்

சத்தம் திக்கினால் _எஸ்என்டி_மிக்ஸ்அஹெட் 0.1, இதில் முன்னாலும் ஒரு கீழ்க்கோடு உண்டு. மைக் கேட்கவில்லை என்றால் வாய்ஸ்_எனேபிள் 1, அப்புறம் கே விசையை அழுத்திப் பிடித்துப் பேச வேண்டும். முன்பக்க ஓட்டையில் குத்தியிருந்தால் பின்பக்கத்தில் குத்திப் பாருங்கள்.

போட்ட அமைப்பு மறுநாள் காணோம்

ஆட்டத்தை முறையாக மூடாமல் மின்சாரத்தை அணைத்தால் அமைப்பு எழுதப்படாது. கன்சோலில் குவிட் தட்டி வெளியேறுங்கள். பலர் மாறி மாறி உட்காரும் மெஷினில் அவரவர் கட்டளைகளை ஒரு தனிக் கோப்பில் எழுதி, சிஸ்ட்ரைக் ஃபோல்டரில் அவரவர் பெயரில் சிஎஃப்ஜி என்ற வாலோடு வைத்துவிட்டு, வந்ததும் எக்செக் என்று தட்டி அந்தப் பெயரை வாலோடு போட்டால் வேலை முடிந்தது.

தேதியும் நேரமும்கூட ஒவ்வொரு நாளும் பின்னுக்குப் போய்விடுகிறதா? மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது, சிஆர்2032. கடிகாரக் கடையில் கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் ஸ்டீமும் உள்ளே விடாது. அதைப் பார்த்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுவதில் ஒரு மாலையைத் தொலைத்தவர்கள் உண்டு.

ஆட்ட நடுவில் மெஷினே செத்துப்போகிறது

*ஆட்டம் மட்டும் மூடிக்கொள்கிறது, விண்டோஸ் நிற்கிறது:* கோப்புகளைச் சரிபாருங்கள், டிரைவரைப் பாருங்கள். ஒரே ஒரு மேப்பில்தான் என்றால் அந்த மேப்பைத் தூக்குங்கள்.

*நீலத் திரை வருகிறது:* பிளக்கைக் கழற்றிவிட்டு ரேம் குச்சியை எடுத்து, தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துச் செருகுங்கள். இந்த ஊர் ஈரப்பதத்துக்கு இது வருஷத்துக்கு ஒரு முறை தேவைப்படுகிறது. இரண்டு குச்சி இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டினால் எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

*படீரென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகிறது:* முதலில் சுவர் பிளக், எக்ஸ்டென்ஷன். ஒரே எக்ஸ்டென்ஷனில் நான்கு மெஷினும் ஒரு கேத்தலும் இருந்தால் கேத்தலைக் கழற்றுங்கள். அடுத்தது சூடு, மேலே சொன்னபடி. இரண்டும் இல்லையென்றால் நல்ல மெஷினிலிருந்து பவர் சப்ளையை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் புதிது வாங்க வேண்டியதுதான். மதர்போர்டில் சிறு சிறு உருளைகளின் தலை உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அதில் காசு போடாதீர்கள், போர்டின் காலம் முடிந்தது.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

கேசிங்கைத் தொட்டால் சுருக்கென்கிறது

இதற்குக் கட்டளையும் இல்லை, கைவைத்தியமும் இல்லை. ஆட்டத்தை நிறுத்துங்கள்.

எங்கள் மாடியில் செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிடுவோம். சிமெண்டுத் தரையில் வெறுங்கால். ஒரு பையன் யுஎஸ்பி குத்தப் போய் "அண்ணே கடிக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பிளக்கைப் பார்த்தால், மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை யாரோ உடைத்துவிட்டு இரண்டு முள் அடாப்டரில் சொருகியிருக்கிறார்கள். பிளக்கை மாற்றினேன், கடி நின்றது. மாற்றியும் நிற்கவில்லை என்றால் சுவருக்குள் எர்த் வயரே இல்லை என்று பொருள். அது கணினிக் கடைக்காரர் வேலை அல்ல. எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன் வேலை. மெஷினைப் போட்டதும் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது, சுவர் பிளக் பழுப்பேறியிருக்கிறது, கருகிய வாடை வருகிறது, இந்த மூன்றுக்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். எக்ஸ்டென்ஷனை மாற்றி மாற்றிக் குத்திப் பார்க்காதீர்கள்.

இடி இடித்த மறுநாள் பாதி மெஷினில் லேன் இல்லை

பேராக்கில் மத்தியான இடியைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மோடம் உயிரோடு இருக்கும், மெஷின் உயிரோடு இருக்கும், நடுவில் ஸ்விட்சில் நான்கு விளக்கு மட்டும் எரியாது. எரியாத ஓட்டைகளில் இருக்கும் வயர்களை எரியும் ஓட்டைக்கு மாற்றுங்கள். வந்தால் ஸ்விட்சின் ஓட்டை போய்விட்டது. வராவிட்டால் மெஷினின் லேன் ஓட்டையும் போய்விட்டது. அதற்கு மதர்போர்டை மாற்றத் தேவையில்லை, யுஎஸ்பி-யில் குத்தும் லேன் அடாப்டர் ஒன்று வாங்கினால் 1.6-க்குத் தாராளம்.

ஃபைபர் இணைப்புக்கு மாறிவிட்டோம், இனி மின்னல் வராது என்று ஒருவர் சொன்னார். கண்ணாடி இழை வழியாக வராதுதான். மோடத்தின் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது. மேகம் கறுத்ததும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவுங்கள். எங்கள் மாடியில் அந்த வேலை 7-ஆம் மெஷின் தம்பியுடையது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு அவன்தான் முதலில் எழுந்து ஓடுகிறான்.